மரத்துக்குத் தரம் சொல்வது யார்?

வீடு கட்டுகிறவர் தலைவாசல் நிலைக்கு மரம் எடுக்கத் தனியாகப் போவதில்லை; ஆசாரியைக் கூட அழைத்துக்கொண்டுதான் போவார். செங்கோட்டையானாலும் திருச்சியானாலும் மரக்கடையில் நடப்பது ஒன்றுதான். ஆசாரி கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்ப்பார். உள்ளே முதிர்ந்த வைரம் எவ்வளவு, வெளியே இளசான வெளிறு எவ்வளவு என்று கண்ணாலேயே அளப்பார். ஓரத்தில் உளியால் சுரண்டி முகர்ந்து பார்ப்பார். கணுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு தலையை ஆட்டுவார், இல்லையென்றால் அடுத்த கட்டையைக் காட்டச் சொல்வார். கன அடிக்கு ஆயிரக்கணக்கில் பணம் கைமாறுவது இந்தச் சில நிமிடப் பார்வையை நம்பித்தான். அவர் எதைப் பார்த்தார், எந்த அளவை வைத்துப் பார்த்தார் என்பது எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆறு மாதம் கழித்து நிலை முறுக்கிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரிவதில்லை.

வட அமெரிக்காவில் இந்தப் பார்வை ஒரு தனித் தொழில். 'லம்பர் கிரேடர்' என்று அங்கே அழைக்கப்படுகிறவர் மரத்தை அறுப்பதில்லை, இழைப்பதில்லை, விற்பதில்லை. முன்னால் வரும் பலகையின் நான்கு பக்கங்களையும் இரண்டு முனைகளையும் பார்த்து, அச்சிட்ட விதிப்புத்தகத்தின்படி அது எந்தத் தரம் என்று சொல்வதே அவர் வேலை. அந்தத் தரத்தை நம்பி, பலகையைக் கண்ணால் பார்க்காத ஒருவர் பல நூறு மைலுக்கு அப்பாலிருந்து அதை வாங்குகிறார். ஒரு பொறியாளர் கூரைக்குக் கணக்குப் போடுகிறார். மரத்தின் தரத்தைச் சொல்லும் பொறுப்பு யாருடையது, அவர் சொன்னதைச் சரிபார்ப்பது யார் என்ற கேள்விக்கு அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடியிருக்கிறார்கள். இங்கே அந்தக் கேள்வி இன்னும் சரியாகக் கேட்கப்படவே இல்லை.

இரும்பையும் சிமெண்டையும் ஆலையில் செய்கிறார்கள். கலவை ஒன்றென்றால் பொருளும் ஒன்று. மரம் வளர்கிற பொருள். ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு தேக்கும் ஒன்றாக இருக்காது. ஒரே மரத்தில் அடித்தடியும் நுனித்தடியும் ஒன்றாக இருக்காது. கிளை இருந்த இடத்தில் கணு விழும். காற்றில் சாய்ந்து வளர்ந்தால் இழை கோணலாக ஓடும். நடுத்தண்டில் குருத்து மென்மையாக இருக்கும். அறுத்த பிறகு காயும்போது வெடிப்பு, வளைவு, முறுக்கு என்று அடுத்த வரிசை தொடங்கும். இத்தனை வேறுபாட்டையும் நாலைந்து பெயர்களுக்குள் அடக்கி, முன்பின் அறியாத இருவர் அந்தப் பெயரை மட்டும் சொல்லி வியாபாரம் செய்ய வழி பண்ணுவதுதான் தரம் பிரித்தல்.

அமெரிக்காவில் ஓக், மேப்பிள், வால்நட் போன்ற கடின மரங்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதி இருந்த காலம் உண்டு. ஓர் ஊரில் முதல் தரமாக ஏற்றிய சரக்கு அடுத்த ஊரில் இரண்டாம் தரமாக இறங்கும். வழக்கும் வம்பும் வளரும். இதற்கு முடிவுகட்ட 1898-இல் தேசியக் கடின மரச் சங்கம் உருவானது. எல்லோருக்கும் ஒரே விதிப்புத்தகம் என்பதே அதன் முதல் வேலை. தரம் பார்ப்பவர்களைப் பயிற்றுவிக்க மெம்பிஸ் நகரில் 1948-இல் ஒரு பள்ளியும் தொடங்கியது.

அந்த விதிகளின் அடிப்படை எளிமையானது. கடின மரப் பலகையை யாரும் அப்படியே முழுதாகப் பயன்படுத்தப் போவதில்லை. அதைத் துண்டு போட்டு நாற்காலிக் காலாகவோ அலமாரிக் கதவாகவோ ஆக்கப்போகிறார்கள். ஆகவே, பலகை அழகாக இருக்கிறதா என்று விதி கேட்பதில்லை. பழுதை வெட்டித் தள்ளிய பிறகு எவ்வளவு சுத்தமான மரம், எத்தனை துண்டாக, எந்த அளவில் கிடைக்கும் என்றே கேட்கிறது. அதுவும் இரண்டு முகங்களில் எது மோசமோ அதைப் பார்த்துத்தான் பெரும்பாலான தரங்களுக்குக் கணக்கு.

ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். அகலம் 8 அங்குலம், நீளம் 12 அடி. அகலத்தை நீளத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் பரப்பு 8 சதுர அடி. ஓர் அங்குல அகலமும் ஓர் அடி நீளமும் உள்ள துண்டை ஒரு யூனிட் என்று கொண்டால், இந்தப் பலகையில் மொத்தம் 96 யூனிட். 'எஃப்.ஏ.எஸ்.' என்னும் உயர்ந்த தரம் கிடைக்க, பன்னிரண்டில் பத்துப் பங்கு, அதாவது 80 யூனிட் சுத்தமாக வேண்டும். இந்த அளவுப் பலகையில் அதை அதிகபட்சம் இரண்டே துண்டில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் குறைந்தது 4 அங்குல அகலமும் 5 அடி நீளமுமாகவோ, 3 அங்குல அகலமும் 7 அடி நீளமுமாகவோ இருக்க வேண்டும். பலகையில் ஒரே ஒரு பழுது. பட்டை உள்ளே சிக்கி, ஓர் அடி நீளத்துக்கு அகலம் முழுவதும் வீண். அது ஒரு முனையிலிருந்து ஐந்தாவது அடிக்கும் ஆறாவது அடிக்கும் இடையில் இருந்தால், இந்தப் பக்கம் 5 அடித் துண்டு, அந்தப் பக்கம் 6 அடித் துண்டு, ஆக 88 யூனிட். உயர்ந்த தரம் கிடைத்துவிடும். அதே பழுது இரண்டடி தள்ளி, மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் விழுந்திருந்தால்? ஒரு பக்கம் 8 அடித் துண்டு 64 யூனிட் தரும். மறுபக்கத்து 3 அடித் துண்டு நீளம் போதாததால் கணக்கில் சேராது. பலகை 'நம்பர் 1 காமன்' என்னும் அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். மரமும் அதுதான், பழுதும் அதுதான். இருக்கும் இடம் மட்டும் மாறியதால் விலை மாறுகிறது. கையில் ஓர் அளவுக்கோலும் கிரேயானும் மட்டும் வைத்துக்கொண்டு, இந்தக் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டுப் பலகையைப் புரட்டி அடையாளமிட்டு அடுத்ததற்குப் போகிறவர் செய்வது சாதாரண வேலையல்ல.

வீட்டுச் சட்டங்களுக்குப் பயன்படும் பைன், ஃபர் போன்ற மென்மரங்களின் கதை வேறு. அங்கே கேள்வி உறுதி பற்றியது: இந்தச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும்? அமெரிக்க வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் 1922-இல் மர வணிகர்களை ஒன்றுகூட்டினார்; 1924-இல் நாடு முழுவதற்குமான மரத் தரநிலை வெளியானது. இன்று அங்கே வீடு கட்டப் போகும் சட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய மை முத்திரை இருக்கும். எந்த மேற்பார்வை அமைப்பின் கீழ், எந்த மில்லில், என்ன மரம், என்ன தரம், எவ்வளவு ஈரத்தில் இழைக்கப்பட்டது என்ற ஐந்து செய்திகளும் அதில் அடக்கம். ஈரம் 19 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை மரம் என்றும், அதற்குள் இருந்தால் காய்ந்த மரம் என்றும் முத்திரையே சொல்லிவிடும்.

மென்மரத்தில் கணுவை அளக்கும் முறை கவனிக்கத் தக்கது. இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டம் 'நம்பர் 2' தரம் பெற, அகன்ற முகத்தின் நடுவில் 2 அங்குலக் கணு வரை இருக்கலாம். விளிம்பில் என்றால் ஒன்றேகால் அங்குலம்தான். சட்டம் வளையும்போது மேல் விளிம்பு நசுங்குகிறது, கீழ் விளிம்பு இழுபடுகிறது. நடுப்பகுதிக்குச் சுமை குறைவு. எனவே விளிம்புக் கணுதான் ஆபத்து. இந்த உண்மையைப் படித்த பொறியாளர் கணக்காக அறிவார், பழகிய ஆசாரி கைப்பழக்கமாக அறிவார். தரம் பார்ப்பவர் இரண்டையும் சேர்த்துச் சில விநாடியில் முடிவெடுக்கிறார்.

இனிதான் முக்கியமான இடம். கிரேடர் மில்லின் சம்பளக்காரர். உற்பத்தி கூடவேண்டும், நல்ல தரத்தில் அதிகப் பலகை விழவேண்டும் என்று முதலாளி விரும்புவது இயல்பு. அப்படியானால் அவர் சொல்லை எப்படி நம்புவது? இதற்கு அங்கே கண்ட விடைதான் அந்த முறை முழுவதையும் தாங்கி நிற்கிறது. முத்திரை மில்லுக்குச் சொந்தமில்லை. அது மேற்பார்வை அமைப்பின் சொத்து. அமைப்பின் ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் வந்து, ஏற்கெனவே முத்திரையிட்ட கட்டுகளைப் பிரித்துப் புரட்டிப் பார்ப்பார். தரத்துக்குக் கீழான பலகை 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மில் பதில் சொல்லியாக வேண்டும். திருந்தாவிட்டால் முத்திரையே பறிபோகும். அந்த அமைப்புகளையும் கண்காணிக்க மேலே ஒரு குழு இருக்கிறது. சரக்கு வாங்கியவருக்குச் சந்தேகம் வந்தால் மறு ஆய்வு கேட்கலாம். எழுதிய விதி, பழகிய கண், அந்தக் கண்ணைச் சரிபார்க்க விற்பனையில் லாபமில்லாத இன்னொரு கண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தரம் என்ற சொல்லுக்கு மதிப்பு.

விதியே தவறாகிப்போகும் நேரமும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளரும் பைன் மரத்துக்குக் காலங்காலமாக ஓர் உறுதி மதிப்பு இருந்தது. ஆனால் மரங்கள் மாறிவிட்டன. பழைய காடுகளில் மெல்ல வளர்ந்த மரங்களின் இடத்தில், தோட்டங்களில் வேகமாக வளர்ந்து இளமையிலேயே வெட்டப்படும் மரங்கள் வந்தன. அவற்றில் நடுத்தண்டை ஒட்டிய இளமரம் அதிகம். புதிதாக உடைத்துச் சோதித்தபோது பழைய மதிப்புகள் பொருந்தவில்லை. 2012 ஜூனில் இரண்டுக்கு நான்கு அளவுச் சட்டங்களுக்கும், 2013-இல் மற்ற அளவுகளுக்கும் உறுதி மதிப்பைக் குறைத்தார்கள். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கட்டுமானக் கணக்குகளை மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் செய்தார்கள். மரம் மாறினால் விதியும் மாறவேண்டும் என்று ஒப்புக்கொள்ள முன்வந்த அந்த முடிவு மதிக்கத் தக்கது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம். அங்கே 1990-களின் பிற்பகுதி தொடங்கி பைன் வண்டு பெருகி, கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. வண்டோடு வந்த பூஞ்சை மரத்தை நீலமாக்கியது. பார்க்க நோய் பிடித்ததுபோல் இருக்கும். ஆனால் இந்த நீலக் கறை மரத்தை மக்கச் செய்யாது. உறுதியில் பெரிய இழப்பில்லை. கறை வேறு, மக்கல் வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்ததால் அந்த மரம் விறகாகிப் போகாமல் தப்பியது. 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக ரிச்மண்ட் நகரில் கட்டிய பனிச்சறுக்கு அரங்கின் பிரம்மாண்டமான கூரையில் அந்த வண்டு தின்ற மரத்தைத்தான் போட்டார்கள்.

அதே வண்டு மரம் வேறொரு விலையையும் வாங்கியது. செத்து உலர்ந்த மரத்தை அறுத்தால் தூசி மிக நுண்மையாகப் பறக்கும். 2012 ஜனவரியில் பர்ன்ஸ் லேக் ஊரிலும், ஏப்ரலில் பிரின்ஸ் ஜார்ஜ் நகரிலும் மர மில்கள் தூசி தீப்பற்றி வெடித்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் தீக்காயம் அடைந்தார்கள். மரத்தூசியை மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமான பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சேர்த்துவிட்டது. தரம் பார்ப்பவர் இழைப்பு எந்திரத்தின் வாயருகே, காதைப் பிளக்கும் ஓசையிலும் இந்தத் தூசியிலும் ஷிப்டு முழுக்க நிற்கிறவர். காது மூடியும் முகக்கவசமும் இல்லாமல் அந்த வேலையைச் செய்யச் சொல்வது குற்றம். நம்மூர் அறுவை மில்களில் அவை கண்ணில் படுவதே அபூர்வம்.

எந்திரம் வந்துவிட்டதே, இனி மனிதக் கண் எதற்கு என்று கேட்கலாம். 1960-களிலேயே சட்டத்தை உருளைகளுக்கிடையே வளைத்து அதன் விறைப்பை அளக்கும் எந்திரங்கள் அமெரிக்காவில் வந்துவிட்டன. இப்போதைய ஸ்கேனர்கள் காமிரா, லேசர், எக்ஸ்ரே மூன்றையும் ஒன்றாகப் பயன்படுத்துகின்றன. லேசர் ஒளி மரத்தில் பட்டால் இழை ஓடும் திசையில் நீண்டு பரவும். அதை வைத்து இழையின் கோணலை எந்திரம் கண்டுபிடித்துவிடும். ஐரோப்பாவில் அறுப்பதற்கு முன்பே முழுத் தடியை, மருத்துவமனையில் உடலைப் பார்ப்பதுபோல் சி.டி. ஸ்கேன் செய்து உள்ளே கணு எங்கே என்று அறிந்து அறுக்கும் மில்களும் உண்டு. ஓடும் வேகத்திலும் சோர்வறியாத ஒழுங்கிலும் மனிதர் இதற்கு ஈடாக முடியாது. பெரிய மில்களில் ஒவ்வொரு பலகையையும் கையால் புரட்டிய காலம் மறைந்து வருகிறது. ஆனால் எந்திரத்துக்குக் கற்பிப்பதற்கும், அது சொன்னதைத் திரும்பப் பார்ப்பதற்கும், வாங்கியவர் தகராறு செய்தால் நேரில் போய்த் தீர்ப்புச் சொல்வதற்கும் அதே விதிப்புத்தகம் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. தேவைப்படும் அறிவு கூடியிருக்கிறது.

கண்ணுக்கே எட்டாத குறைகளும் இருக்கின்றன. 2006 ஜனவரி 2-ஆம் தேதி ஜெர்மனியின் பாட் ரைகன்ஹால் நகரில் பனிச்சறுக்கு அரங்கின் கூரை, பனி குவிந்திருந்த நேரத்தில் இடிந்து விழுந்தது. 15 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள், இளைஞர்கள். கூரையைத் தாங்கியவை மரத்தை ஒட்டிச் செய்த பெட்டி உத்தரங்கள். ஈரம் தாங்காத யூரியா வகைப் பசையால் அவை ஒட்டப்பட்டிருந்தன. ஈரமான அந்த இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பசை மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது, வெளியே எதுவும் தெரியவில்லை. பலகையை ஆய்வு செய்பவர் கண்ணை நம்பலாம். ஒட்டுப்பலகையை ஆய்வு செய்பவர் சோதனைச்சாலையை நம்பியாக வேண்டும்.

நம் வீட்டுச் சமையலறைக்கு வரும் பிளைவுட்டுக்கும் இது பொருந்தும். கடல் நீருக்கும் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ்.710. அதன்படி பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டெடுத்த பிறகும் அடுக்குகள் பிரியக் கூடாது. கடையில் '710' என்று அச்சடித்த பலகைகள் எல்லாமே அந்தச் சோதனையைத் தாண்டியவை என்று யாரும் உறுதி சொல்ல முடியாத நிலை நீண்ட காலம் இருந்தது. தரமுத்திரை பெறுவது தயாரிப்பாளர் விருப்பமாக இருந்ததுதான் காரணம். மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை மூலம் பிளைவுட்டுக்கும் ஃபிளஷ் கதவுகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது, 2025-இல் அது படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. வாங்குகிறவர் இனி முத்திரையோடு அதன் கீழுள்ள உரிம எண்ணையும் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மர ஆய்வின் இன்னொரு கிளை பூச்சியைத் தடுப்பது. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குப் பெட்டிகளின் பச்சை மரத்துக்குள் ஒளிந்து கடல் கடந்து வந்து, நிழல்மரங்களை அது துளைத்துக்கொண்டிருந்தது. இதையடுத்து 2002-இல் உலக அளவில் ஒரு விதி வந்தது: ஏற்றுமதியாகும் மரப்பெட்டி, மரத் தட்டு எதுவானாலும் அதன் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அல்லது வேறு அங்கீகரிக்கப்பட்ட முறையில் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். தூத்துக்குடியிலோ சென்னையிலோ துறைமுகச் சரக்கோடு கிடக்கும் மரத்தட்டின் பக்கவாட்டைப் பார்த்தால், கோதுமைக் கதிர்போன்ற ஒரு சின்னமும் நாட்டின் இரண்டெழுத்துக் குறியும் சூடுபோட்டதுபோல் பதிந்திருக்கும். அந்த முத்திரை இல்லையென்றால் சரக்கு எவ்வளவு நல்லதானாலும் அக்கரைத் துறைமுகத்தில் நின்றுபோகும். வெளிநாட்டுக்காரர் கேட்டால் இங்கே ஒழுங்காகத் தரமுத்திரை வைக்க முடிகிறது என்பதற்கு இது கண்கூடான சான்று.

தமிழகத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் மரத்தின் தரம் பார்ப்பது புதிதல்ல. திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கமலி' போர்க்கப்பலை 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டினார்கள்; இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்றும் மிதக்கிறது. அந்தத் தேக்குக்காக ஆனைமலைக் காடுகளையும் தேடி வந்தார்கள். மலையுச்சியிலிருந்து தடிகளைச் சரியவிட்ட இடமே டாப்சிலிப். வனத்துறையின் முத்திரைச் சுத்தியல் அடித்த அடையாளம் இல்லாமல் தடி வெளியே போகக்கூடாது என்ற ஒழுங்கு நெடுங்காலமாகத் தொடர்கிறது. ஆனால் அந்தச் சுத்தியல் சொல்வது மரம் யாருடையது என்பதை. எவ்வளவு நல்லது என்பதை அல்ல.

நல்லது எவ்வளவு என்று துல்லியமாகச் சொன்ன ஒரு முறையும் இங்கே இருந்தது, சந்தனத்துக்கு. திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் சந்தனக் கிடங்குகளுக்கு வரும் மரத்தில் மணமில்லாத வெளிறைச் செதுக்கி நீக்கிவிட்டு, வைரத்தை மட்டும் எடைபோட்டு வகை பிரிப்பார்கள். பழுதில்லாத கட்டை ஒவ்வொன்றும் 9 கிலோவுக்குக் குறையாமல், டன்னுக்கு 112 கட்டைக்கு மேல் போகாமல் இருந்தால் அது 'விலாயத் புத்'. 4.5 கிலோவுக்குக் குறையாமல், டன்னுக்கு 224-க்கு மேல் போகாமல் இருந்தால் 'சைனா புத்'. அடுத்தது 'பஞ்சம்'. இப்படி இறங்கி வேர், சில்லு, தூள் வரைக்கும் தனித்தனி வகுப்பும் பெயரும் உண்டு. எந்தக் கட்டையும் பொத்தாம்பொதுவில் 'நல்ல சந்தனம்' என்று ஏலத்துக்குப் போனதில்லை. பணம் பெரிதாக இருந்த இடத்தில் அரசே கவனமாகத் தரம் பிரித்தது என்பதைத்தான் இது காட்டுகிறது.

தேக்குக்கு இந்தத் துல்லியம் கிடங்கு வாசலோடு நின்றுவிடுகிறது. கேரளத்தின் நிலம்பூர் அரசுக் கிடங்கில் தடியின் சுற்றளவை வைத்து வகுப்புகள் இருக்கின்றன. 150 சென்டிமீட்டரிலிருந்து முதல் வகுப்பு, 100 முதல் 149 வரை இரண்டாவது, 76 முதல் 99 வரை மூன்றாவது. ஏலம் எடுத்தவர் தடியை அறுத்துச் சட்டமாக்கிய பிறகு அந்த வகுப்பு மறைந்துவிடும். கடைக்கு வரும்போது அது வெறும் 'நாட்டுத் தேக்கு'. அளவிலும் இதே குழப்பம். எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் வெளியிட்ட அட்டவணைகளின் வழியில், தடியைச் சுற்றிப் பிடித்த கயிற்றை நாலாக மடித்து, அந்த அளவைத் தன்னாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்குவது இன்றும் மர வியாபாரத்தில் உண்டு. இப்படி வரும் கன அடி, தடியின் உண்மையான கொள்ளளவில் 78.5 சதவீதம்தான், மிச்சம் அறுப்புச் சேதத்துக்கென்று விட்டது. அறுத்த சைஸ் மரத்துக்கு நேரடிக் கன அடி. எந்தக் கன அடியில் விலை பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினால் ஐந்தில் ஒரு பங்கு பணம் சத்தமில்லாமல் கைமாறிவிடும்.

தரம் பிரிக்காத இந்தக் குறை முன்பு அவ்வளவாக உறுத்தவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கு வந்த பர்மாத் தேக்கு பழங்காட்டு மரம். பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்குப் பின் கானா, பெனின், தான்சானியா, ஈக்குவடார், பனாமா, கோஸ்டாரிகா என்று பல நாட்டுத் தோட்டத் தேக்கு கப்பலேறி வருகிறது. இருபது இருபத்தைந்து வயது மரங்கள். வைரம் குறைவு, வெளிறு அதிகம், கணு அதிகம். இளந்தேக்கு என்பதாலேயே உறுதி குறைவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இளந்தேக்கின் அடர்த்தியும் உறுதியும் முதிர்ந்த மரத்தைவிடத் தாழ்ந்தே இருக்கவேண்டியதில்லை என்று பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக ஊர்ப்பெயரும் வயதும் தரம் ஆகாது. கட்டையைக் கட்டையாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லத்தான் ஆளில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. கட்டடத்துக்கான மரத்தை செலக்ட், கிரேடு 1, கிரேடு 2 என்று பிரிக்க ஐ.எஸ்.3629 இருக்கிறது. கணுவையும் வெடிப்பையும் அளக்கும் முறைக்கு ஐ.எஸ்.3364. மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ்.287; அது காற்றின் ஈரப்பதத்தை வைத்து நாட்டையே நான்கு மண்டலங்களாகப் பிரித்து அளவு சொல்கிறது. டெண்டர் ஆவணங்களில் 'நன்கு பதப்படுத்திய முதல் தரத் தேக்கு' என்று எழுதுகிறார்கள். அந்த முதல் தரத்தைக் கட்டை கட்டையாகப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுக்க, விற்பனையில் பங்கில்லாத ஒருவர் எந்த மரக்கடையிலும் கிடையாது. நிலை முறுக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் பச்சை மரம். உள்ளங்கையில் அடங்கும் ஈரமானி ஒன்றைக் குத்திப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். அதைக்கூட வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்பவர் காட்டுவதில்லை.

இதில் அதிகம் இழப்பது உழவர். வரப்பில் தேக்கும், வயலில் மலைவேம்பும், குமிழும், மகோகனியும் நட்டுப் பதினைந்து இருபது ஆண்டுகள் காத்திருந்தவர், நிற்கிற மரத்தைக் காட்டி வியாபாரியிடம் விலை கேட்கிறார். வியாபாரி சுற்றிவந்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கு ஒரு தொகை சொல்கிறார். மரம் வெட்டித் தடியாகி, வகை பிரிந்து, எது எந்த விலைக்குப் போனது என்பது உழவருக்குத் தெரியவே தெரியாது. கிளை கழித்து, நேராக வளர்த்து, கணுவைக் குறைத்தவருக்கும், நட்டுவிட்டு அப்படியே விட்டவருக்கும் ஒரே விலை. நன்றாக வளர்ப்பதற்குக் கூலி கிடைக்காத இடத்தில் நல்ல மரம் வளராது. 2023 டிசம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடங்கிய இந்திய வன மற்றும் மரச் சான்றிதழ் திட்டம், மரம் முறையாக வளர்ந்து முறையாக வந்ததா என்பதைச் சான்றளிக்கும். வரவேற்க வேண்டியதுதான், ஆனால் கணுவையும் வெளிறையும் அது அளக்காது.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நூல் பிசகாமல் மரம் பார்க்கத் தெரிந்த ஆசாரிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த ஆசாரிகளின் பிள்ளைகளுக்கும் வனவியல் மாணவர்களுக்கும் ஐ.எஸ். விதிகளின்படி தரம் பார்க்கச் சில மாதப் பயிற்சியும் உரிமமும் கொடுக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நெல்லுக்கு ஈரம் பார்ப்பதுபோல் மரத்துக்கும் ஒரு மேடையும் ஓர் ஆய்வாளரும் வைக்கலாம். அந்த ஆய்வாளரின் சம்பளம் மரக்கடைக்காரரிடமிருந்தோ வியாபாரியிடமிருந்தோ வரக்கூடாது. அவர் போட்ட முத்திரையை இன்னொருவர் திடீரென வந்து சரிபார்க்க வேண்டும். வேளாண்மைத் துறையும் வனத்துறையும் சேர்ந்து ஒரு மாவட்டத்தில், மர வியாபாரம் நிறைந்த தென்காசியில், முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். அதுவரை மரம் வாங்குகிறவர்கள் மூன்றை மட்டும் பில்லில் எழுதி வாங்க வேண்டும்: என்ன மரம், எந்தக் கன அடி, வாங்கும் நாளில் ஈரம் எத்தனை சதவீதம்.